கறுத்தால்தான் வெள்ளி

1955-இல், பினாங்கில் வேலை பார்த்த கணவரிடம் போக, செஞ்சியிலிருந்து துறைமுகம் வந்து கைக்குழந்தையோடு கப்பலில் புறப்பட்டேன். மேல்தளத்தில் ஒருவர் கொலுசு விற்றுக்கொண்டிருந்தார். என் காலைப் பார்த்து, "கறுத்துப் போச்சே தங்கச்சி, இது வெள்ளியே இல்ல. இதைக் குடுத்துட்டு, மேல பத்து ரூபா போட்டுப் புதுசு வாங்கிக்க" என்றார். வெட்கத்தில் ஒரு கொலுசைக் கழற்றியும்விட்டேன்.

அப்போது குழந்தையின் அரைஞாண் கொடி கண்ணில் பட்டது. காலையில் முட்டை சிந்திய இடம் கறுத்திருந்தது. செஞ்சிப் பத்தர் என் கண்ணெதிரே பழைய வெள்ளி ரூபாய்களை உருக்கிச் செய்த கொடி அது! தவிர, என் கொலுசு போலி என்றால் இவருக்கு எதற்கு?

கழற்றிய என் கொலுசைத் திருநீற்றால் தேய்த்துப் பளபளப்பாக்கினேன். மதியம் கப்பலில் கொடுத்த அவித்த முட்டையின் மஞ்சள்கருவை அதன் மேலும், போட்டுப் பார்ப்பதாகச் சொல்லி வாங்கிய அவருடைய கொலுசின் மேலும் அப்பினேன். ஒரு மணி நேரம் கழித்துத் துடைத்தால், என்னுடையது கறுத்திருந்தது, அவருடையது மின்னியது.

"இன்னாண்ணே, உங்க வெள்ளிக்குக் கறுக்கவே தெரியலயே?" என்றேன். அவரிடம் வாங்கியிருந்த பெண்கள் அத்தனை பேரும் அங்கேயே பணத்தைத் திரும்ப வாங்கிவிட்டார்கள்.

பினாங்கு நகைக்கடையில் கடைக்காரர் பளபளப்பைக் காட்டினார். நான் பையிலிருந்து முட்டையை எடுத்தேன். கறுத்துக் காட்டாத வெள்ளியை இப்போது நான் வாங்குவதே இல்லை.