இல்லாத துடக்கு

அடியார்களே, இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் சொல்லாவிட்டால் அம்மாளாச்சிக்கு நான் நன்றி கெட்டவளாகிவிடுவேன்.

கொரோனா ஊசி போட்ட காலத்தில்தான் என் கழுத்தில் இருந்த கட்டி புற்றுநோய் என்று கண்டார்கள். மருந்து ஏற்றத் தொடங்கியபின் ஊசியும் போட்டேன். கை நொந்தது, காய்ச்சலும் காய்ந்தது. ஊசி நன்றாகப் பிடித்துவிட்டது என்று எனக்கு ஒரே புளுகம், அவ்வளவு சந்தோசம். டொக்டர் அதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. இந்த மருந்து ஏறும் உடம்பில் ஊசி போட்டாலும் எதிர்ப்புச் சக்தி போதிய அளவு வராமல் போகலாம் என்றார்.

"ஊசி வீண் இல்லை அம்மா, அடுத்ததையும் போடுங்கோ. ஆனால் அதை மட்டும் நம்பி இருக்காதேங்கோ. உங்களோடை பழகிற ஆக்களும் போட வேணும். வீட்டிலை சனம் கூடக்கூடாது."

பழகுகிற ஆட்களிடம் சொல்வதென்றால் வருத்தத்தின் பெயரையும் சொல்லவேண்டும். மகளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தோம். தாய்க்குக் கான்சர் என்றால் யார் எடுப்பார்கள்? எங்கள் ஊரிலோ ஒருவர் கொஞ்சம் மெலிந்தாலே பால்மா ரின்னோடு பார்க்க வந்துவிடுவார்கள். வாசல் படலையைப் பூட்டவும் முடியாது. அதனால் ஒரு பொய் சொன்னேன். கனடாவில் என் கணவரின் தூரத்துப் பெரியப்பா மோசம் போய்விட்டார், எங்களுக்குத் துடக்கு, சாவுத் தீட்டு என்றேன். துடக்கு வீட்டுக்குள் யார் வருவார்கள்? ஒருவரும் வரவில்லை. என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பொய்த் துடக்கோடு கோயிலுக்குப் போகமுடியுமா? வீட்டுப் படத்துக்கு முன்னால் நின்று, "அம்மாளாச்சி, ஒருத்தருக்கும் தெரியக்கூடாது, எனக்கு ஒரு கிருமியும் தொத்தக்கூடாது" என்று அழுதேன். கேட்ட முறையைப் பாருங்கள்.

ஒரு நாள் காலை என் கணவரின் தம்பி மனைவி தேவகி வட்டுக்கோட்டையிலிருந்து வந்து படலையில் நின்றாள். மருதனார்மடம் சந்தையில் யாரோ சொல்லித்தான் அவளுக்குத் துடக்குச் செய்தி தெரியுமாம். அண்ணனுக்குத் துடக்கென்றால் தம்பி வீட்டுக்கும் துடக்குத்தானே. என் மூளைக்கு அது எட்டவில்லை.

"ஆரக்கா செத்தது? துடக்கெண்டு கேள்விப்பட்டு கோயிலுக்கு நேர்த்தி வைச்ச பாற்செம்பையும் எடுக்காமல் நிண்டிட்டன்."

படலைக்கு இந்தப் பக்கமே நின்று உண்மையைச் சொன்னேன்.

"ஒருத்தரும் சாகேல்லை தேவகி. எனக்குத்தான் கான்சர்."

திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் முகக்கவசத்தை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

"நாங்கள் என்ன பிறத்தியாரே அக்கா?"

அதுவரை மூன்றாம் ஊசி வேண்டாம் என்று நின்றவள், அடுத்த நாளே வீட்டாரோடு போய்ப் போட்டாள். அயலவர்களுக்கும் அவளே சொன்னாள். அவர்கள் வேலிக்கு வெளியே நின்று கதைத்துவிட்டுப் போனார்கள். மாப்பிள்ளையின் தாய்க்கு நானே போன் எடுத்தேன். அவ முதலில் என் வருத்தத்தைப் பற்றி விசாரித்தா. பிறகு, என் மருந்து முடியட்டும், தாங்களும் ஊசி போட்டுவிட்டே கலியாணம் பேச வருவதாகச் சொன்னா.

மருந்து முடியும்வரை எனக்குக் கொரோனா வரவில்லை. ஒருவருக்கும் தெரியக்கூடாது என்று அழுத என்னை, தெரிந்தவர்களைக் கொண்டே அம்மாளாச்சி காப்பாற்றினாள். தவறிய நேர்த்தியைப் பற்றித் தேவகி இன்றுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் மனம் கொஞ்சம் ஆறியிருக்கும்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு வருத்தம் இருந்தால் அவளை நம்பி அழுங்கள். அழுதபின் சொந்தக்காரரிடமும் வாயைத் திறவுங்கள். வெட்கம் வரும்தான். எனக்கு இப்போதும் வருகிறது.