இடது கை வளையல்கள்

இடது கை வீங்கியிருந்ததை முதலில் சொன்னது என் ரவிக்கைதான். கை பிடித்தது. தையற்காரரைத் திட்டித் தீர்த்தேன். வலது கை மட்டும் ஏன் பிடிக்கவில்லை என்று நல்லவேளை அந்த மனிதர் திருப்பிக் கேட்கவில்லை.

இடது மார்பை எடுத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எங்கள் தாம்பரம் வீட்டில் யாரும் 'கேன்சர்' என்று வாய்விட்டுச் சொன்னதில்லை. 'கட்டி'தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும், அந்தக் கையில் ஊசியோ இறுக்கமான வளையலோ கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கை வீங்கியதும் நான் போவதையே நிறுத்திவிட்டேன். அது திரும்பி வந்துவிட்டதென்று நினைத்தேன். போனால்தானே சொல்வார்கள்? கணவர் கேட்டபோதெல்லாம் "அடுத்த வாரம்" என்று சொல்லி, கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் கோவிலம்பாக்கத்தில் நாத்தனார் மகளுக்கு வளைகாப்பு வந்தது. வந்த பெண்களுக்கெல்லாம் வளையல்காரர் வளையல் போட்டுக்கொண்டிருந்தார். நான் வலது கையை மட்டும் நீட்டினேன்.

"அண்ணி, சுமங்கலிப் பொம்பள ஒரு கைய மொட்டையா விடலாமா?" என்றாள் நாத்தனார்.

வளையல்காரர் இடது கையைத் தொட்டுப் பார்த்தார். "கை உப்பிக்கினு கீது அக்கா. பெரிய சைஸா போட்டுக்கோ."

"எப்பவும் போடுற சைஸே போடுப்பா."

என் மனசுக்குள் ஒரு பைத்தியக்காரக் கணக்கு ஓடியது. பழைய அளவு ஏறிவிட்டால் எனக்கு ஒன்றுமில்லை. அவர் சோப்பைக் குழைத்துத் தடவி, விரல்களை நசுக்கி, பச்சை வளையல்களை ஒவ்வொன்றாக ஏற்றினார். உயிர் போகிற வலி. ஏறிவிட்டது! அன்று புளியோதரையைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை கை முழங்கை வரை சிவந்திருந்தது. காய்ச்சல் அனலாய்க் கொதித்தது. வளையல் அசையவே இல்லை. கணவர் மின்சார ரயிலில் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"உடைச்சுத்தான் எடுக்கணும்," என்றார் நர்ஸம்மா. கணவரைப் பார்த்து, "சார், நீங்க கொஞ்சம் வெளிய இருங்க. புருஷன் பார்க்கக் கூடாதும்பாங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. சாவு வீட்டில் செய்கிற காரியத்தை, அவர் குத்துக்கல்லாட்டம் எதிரே நிற்கும்போது செய்வதா? சோப்பு போட்டுப் பாருங்கள் என்று கெஞ்சினேன்.

அவர் வெளியே போகவில்லை. "குடுங்கம்மா, நானே உடைக்கிறேன். நான்தான் இருக்கேனே." வளையலுக்கும் தோலுக்கும் நடுவே துணியைச் செருகி, இடுக்கியால் ஒவ்வொன்றாக உடைத்தார்.

"இது அந்த நோய் இல்லம்மா. ஆபரேஷன் பண்ணதால கையில நீர் கட்டியிருக்கு, வளையல் கீறினதுல கிருமி புகுந்திருக்கு. முன்னாடியே வந்திருந்தா இவ்ளோ ஆயிருக்காது," என்றார் டாக்டர். பிறகு வேறு கட்டி ஏதும் இருக்கிறதா என்று என் கழுத்தை விரலால் அழுத்தி வெகுநேரம் பார்த்தார். "தவறாம வந்துகிட்டே இருங்க," என்றார். அந்த வெகுநேரம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. அதன்பின் ஒரு தவணைகூட நான் தவறவிட்டதில்லை.

கொஞ்சம் வீக்கம் வடியாமல் தங்கிவிட்டது. இடது கையில் பிறகு வளையலே போடவில்லை. கல்யாண வீடுகளில் யாராவது அந்தக் கையைப் பார்த்து, "ஏம்மா இது மொட்டையா இருக்கு?" என்று ஆரம்பிப்பார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்து அவர் சொல்லிவிடுவார்: "நான்தான் உடைச்சேன்."