பிரிட்ஜுக்குப் போர்த்திய சாக்கு

ஜெயராணிக்குக் குளிர் என்றால் உமியின் வாசனை. கடலூர் முதுநகரில் அவளுடைய அப்பா ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தார். படகுகளுக்குப் போகிற ஐஸ் பாளங்களை உமியில் புதைத்துச் சாக்கால் மூடி வைப்பார்கள். மேலே வெயில் கொதிக்கும். உள்ளே பாளம் அசையாமல் உறங்கும். சாக்கை விலக்கினால் புகைபோல ஒன்று எழுந்து முகத்தைத் தொட்டுவிட்டுக் கலையும். சிதம்பரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகும், மத்தியானத் தூக்கத்தில் அந்தப் புகை அவளிடம் வந்து போனது.

2008-இல் மின்வெட்டு தொடங்கியபோது அவள் நம்பியது அந்தச் சாக்கைத்தான்.

கணவர் ஞானசேகரனுக்குச் சர்க்கரை. தினமும் இன்சுலின். மருந்துப் புட்டிகள் பிரிட்ஜின் கதவில் வரிசையாக நிற்கும். குளிர்ச்சி போனால் கெட்டுவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கரண்ட் போய் மோட்டார் அடங்கும்போதெல்லாம் ஜெயராணி பிரிட்ஜின் கதவை யாரையும் திறக்க விடமாட்டாள். ஒருநாள் கோணிச் சாக்குகளைப் பிரித்து, பழைய கம்பளியையும் சேர்த்து, கதவை மட்டும் விட்டுவிட்டு பிரிட்ஜின் தலை, விலா, முதுகு எல்லாவற்றையும் போர்த்திக் கயிறு கட்டினாள். குளிரும் வெளியே போகாது, கரண்டும் மிச்சம்.

உறைமோர் வாங்க வந்த பக்கத்து வீட்டுக் காயத்ரி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னாக்கா, பிரிட்ஜுக்கு ஜொரமா?"

"சிரிடி. சாக்கும் உமியும் இருந்தா ஐஸு எவ்ளோ நேரம் தாங்கும் தெரியுமா?"

"அப்ப உமியும் ஒரு மூட்ட கொட்டிடேன்."

ஜெயராணி அதையும் கொஞ்சம் யோசித்தாள்.

ஞானசேகரனின் சிக்கனம் வேறு. மின்விசிறியை ஒன்றாம் எண்ணுக்கு மேல் வைக்க மாட்டார். சுவரில் பழைய பெரிய ரெகுலேட்டர் பெட்டி. "ஒண்ணுல ஓடுனா கரண்டும் கம்மியாத்தான் ஆவும்" என்று சொல்லிவிட்டு வியர்வையில் ஊறிக் கிடப்பார்.

முன்பெல்லாம் உள்ளே குளிர்ந்ததும் தானே ஓயும் மோட்டார், சாக்கு கட்டிய பிறகு கரண்ட் இருக்கும்வரை நிற்கவே இல்லை. தூரத்தில் ஒரு விசைப்படகு வந்துகொண்டே இருப்பது போலவும், கரை சேராதது போலவும் அந்த இரைச்சல் வீட்டை நிறைத்தது. நன்றாக உழைக்கிறது என்று எண்ணி, அதைக் கேட்டபடியே அவள் கண்ணயர்வாள்.

ஒரு ஞாயிறு, கோயில் பூசை முடிந்து வந்து ஊசி போடப் புட்டியை எடுத்தாள்.

"என்னாங்க, மருந்து சில்லுன்னு இல்ல."

"கரண்டு இருக்குல்ல?"

"ஓடிக்கினுதான் இருக்கு."

"அப்ப இன்னொரு சாக்கு கட்டு."

பதற்றத்தில் அவளுக்கு வேர்த்தது. விசிறியைக் கூட்டப் போனவள் ரெகுலேட்டர் பெட்டியில் கை பட்டுச் சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

"இது சுடுதுங்க."

"பழசு. அப்படித்தான் இருக்கும்."

"விசிறி மெதுவாத்தான சுத்துது? நீங்க மிச்சம் புடிச்ச கரண்டெல்லாம் சூடா இதுக்குள்ள ஒக்காந்துக்கினு இருக்கா?"

ஞானசேகரன் தானும் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார்.

சுட்ட விரலைப் பிடித்தபடி அவள் நின்றாள். பிறகு மெல்லப் போய் பிரிட்ஜின் பின்னால் சாக்குக்குள் கையை விட்டாள். கறுப்புக் கம்பிவலையிலிருந்து அனல் எழுந்து முகத்தில் அடித்தது. ஐஸ் பாளம் சும்மா கிடக்கும். அதற்கென்று சூடு கிடையாது. இந்தப் பெட்டியோ உள்ளே இருக்கும் சூட்டை அள்ளி முதுகு வழியாக வெளியே கொட்டுகிறது. கொட்ட வழியில்லாமல் அவள்தான் அடைத்து வைத்திருக்கிறாள்.

கயிற்றை அறுத்தாள். சாக்கும் கம்பளியும் சரிந்தன.

"சுவத்த விட்டுத் தள்ளி இழுக்கணும், அந்தப் பக்கம் புடிங்க."

"கட்டும்போது என்ன கேட்டியா?"

"இன்னொண்ணு கட்டச் சொன்னவரு யாரு? புடிங்க."

டாக்டருக்குப் போன் போட்டார்கள். சில நாள் இளஞ்சூட்டில் இருந்ததால் பாதகமில்லை, இனிமேல் குளிரிலேயே வையுங்கள் என்றார் அவர். ஊசி போட்டு, சாப்பிட்டு, இருவரும் தரையில் சாய்ந்தார்கள். விசிறி ஐந்தில் சுழன்றது. பேச்சு தேய்ந்தது. வெயில் ஜன்னலில் இருந்து மெதுவாக இறங்கித் தரையில் படுத்துக்கொண்டது.

திடீரென்று மோட்டார் நின்றது. தண்ணீருக்குள் முங்கியது போல வீடு அமைதியானது.

ஞானசேகரன் எழுந்து உட்கார்ந்தார். "கரண்டு போயிடுச்சா?"

ஜெயராணி மேலே காட்டினாள். விசிறி சுழன்றுகொண்டிருந்தது. அவள் எழுந்துபோய் சில்லென்றிருந்த ஒரு புட்டியை எடுத்து வந்து அவருடைய உள்ளங்கையில் வைத்தாள். அவர் விரல்களை மூடிக்கொண்டார்.

"சீக்கிரம் உள்ள வை," என்றார். "என் கை சூடு ஏறிடப் போவுது."