வீடு வீடாகப் போகிற மாப்பிள்ளை

முழங்கை வரைக்கும் கிரீஸ் போகத் தேய்த்துக் கழுவிவிட்டு, துண்டு தோளில் கிடக்க, சாப்பாட்டு மேஜைக்கு வந்து மடிக்கணினியைத் திறக்கிறார் என் மாப்பிள்ளை. திறந்த கையோடு என்னைத் திரும்பிப் பார்க்கிறார்.

"அத்தை, இன்னைக்கு யார் வீட்டுக்குப் போலாம்?"

வீடு என்று அவர் சொல்வது இணையதளத்தை. செய்தி பார்க்கிறது, சாமான் வாங்குகிறது, அந்த மாதிரித் தளமெல்லாம் அவர் கணக்கில் வீடு இல்லை, அதெல்லாம் கடைத்தெரு. உலகத்தில் எந்த மூலையிலோ இருக்கிற ஒருத்தர், யாரும் கேட்காமல், தன் ஆசைக்கு ஒன்றைச் செய்து அதில் வைத்திருப்பார். அதுதான் வீடு. "விக்கிறதுக்கு ஒண்ணும் இருக்கக் கூடாது அத்தை. வித்தா அது கடை." இப்படிப்பட்டதைத் தேடிக் கண்டுபிடித்துச் சேர்த்து வைப்பதுதான் அவருடைய பொழுதுபோக்கு. எனக்கு எழுத்து தெரியாது. எழுத்து வந்தால் அவர் வாசிப்பார். படம் வந்தால் நானே பார்த்துக்கொள்வேன்.

லிஃப்ட் ரிப்பேர் செய்கிற வேலை அவருக்கு. சட்டைப்பையில் ஒரு டார்ச்சும், வெளியிலிருந்து லிஃப்ட் கதவைத் திறக்கிற முக்கோணச் சாவியும் எப்போதும் இருக்கும். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் மூடிய கதவில் காதை வைத்துக் கேட்பார். "உருளை அழுவுது," "கயிறு பரவால்ல," என்று தனக்குள் சொல்லிக்கொள்வார். லிஃப்ட் வரவில்லை என்று பொத்தானைக் குத்திக் குத்தி அமுக்குகிறவர்களைக் கண்டால் மட்டும் மூக்குக்கு மேல் கோபம் வரும். "ஒரு தடவ அமுக்குனா போதும் சார். அதுக்குக் காது நல்லாக் கேக்கும்."

நடுவில் மாட்டிக்கொண்டவர்களைக் காப்பாற்றப் போகிற இடத்திலும் இந்தப் பைத்தியம் அவரை விடாது. உள்ளே ஆள் பயந்து கத்திக்கொண்டிருப்பார். இவர் தரையோடு தரையாகப் படுத்துக் கதவு இடுக்கில் வாயை வைத்து, "உள்ள சிக்னல் வருதா சார்? அப்போ நான் சொல்றதைப் போன்ல திறங்க," என்பார். பெரிய அலுவலகத்து மேலாளர் ஒருத்தர் அப்படி ஒரு தளத்தைத் திறந்தவர், கதவு திறந்த பிறகும் வெளியே வராமல் பார்த்துக்கொண்டே நின்றாராம்.

அவருக்குக் காட்டியது சோப்பு வீடு. ஒரு ஆள் புதுச் சோப்புக்கட்டியைப் பிரித்த நாளிலிருந்து, அது தேய்ந்து தேய்ந்து காகிதம் மாதிரி ஆகிற வரைக்கும் தினமும் படம் பிடித்துப் போட்டிருக்கிறான்.

"இவனுக்கு வேலை வெட்டி ஒண்ணும் இல்லையா மாப்பிள்ளை?"

"வேலைக்குப் போறதுக்காகக் குளிக்கிறப்போதானே அத்தை எடுக்கிறான்!"

தெருவில் கிடக்கிற ஒற்றைக் கையுறைகளை மட்டும் படம் எடுக்கிற ஒருத்தி இருக்கிறாள். எடுத்த பிறகு அதைப் பக்கத்துச் சுவர்மேல் வைத்துவிட்டுத்தான் நகர்வாளாம், தேடி வருகிறவர் கண்ணில் படட்டும் என்று. மழைச் சத்தம் மட்டும் வைத்திருக்கிற வீடு ஒன்று. தகரத்தில் பெய்கிற மழை, குடையில் பெய்கிற மழை, தார்ப்பாயில் பெய்கிற மழை. நான் கண்ணை மூடிக்கொண்டு எது எது என்று சொல்வேன். ஒன்றை நான் குடை என்றேன். அவர் வாசித்துப் பார்த்துத் தார்ப்பாய் என்றார். அது குடைதான். எழுதினவன் தப்பாக எழுதியிருக்கிறான். இப்போதும் அதையே சொல்வேன்.

இவற்றை அவர் தேடிப் பிடிக்கிற விதமும் தனி. ஒரு வீட்டைப் பார்த்து முடித்ததும் கீழே வரைக்கும் இறங்கிப் போவார். அங்கே அந்த ஆள் தனக்குப் பிடித்த இன்னொருத்தர் தளத்தின் பேரை எழுதி வைத்திருப்பாராம். "பின்வாசல் வழியாப் போனாத்தான் அத்தை நல்ல மனுசங்க கெடைப்பாங்க." போன இடத்திலெல்லாம் சொல்லாமல் திரும்பமாட்டார். 'வந்தேன். பார்த்தேன். நல்லா இருக்கு. இப்படிக்கு, லிஃப்ட்காரன்' என்று எழுதிவிட்டுத்தான் வருவார். சிலர் பதில் போடுவார்கள். அன்றைக்கு இரண்டாவது டீ கேட்பார்.

அடுக்கி வைத்திருப்பதும் அப்படித்தான். தூக்கம் வராதவர்களுக்கு, பல் வலிக்காரர்களுக்கு, டாக்டர் கூப்பிடுகிற வரைக்கும் உட்கார்ந்திருப்பவர்களுக்கு என்று பிரித்து வைத்திருக்கிறார். 'வீட்டுக்காரி பேசாத நாளுக்கு' என்று ஒரு பிரிவு இருக்கிறது. நான் சொல்வதை எழுதிக்கொண்டிருக்கிறவள் அந்த வீட்டுக்காரிதான், என் மகள். "அதெல்லாம் எதுக்கும்மா?" என்று பேனாவை நிறுத்துகிறாள். எழுதடி. பேசாமல் இருந்தது நீதானே.

ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார். கூட உட்கார்ந்து பார்க்கிற நான் கணக்கில் இல்லை; மற்றபடி ஒரு வீட்டை ஒருத்தருக்குத்தான் காட்டுவது. ஆளைப் பார்த்து, அன்றைக்கு அந்த ஆள் மனசு இருக்கிற இருப்பைப் பார்த்து, இவருக்கு இது என்று கொடுப்பார். எனக்கென்று அவர் கொடுத்தது மணிக்காரர் வீடு.

கடல் தாண்டி எங்கேயோ ஒரு பெரியவர். சின்னச் சமையலறை. ஒரு மேஜை, ஒரு நாற்காலி, தலைக்கு மேல் அலமாரி, அதன் ஓரத்தில் தொங்குகிற ஒரு சின்ன மணி. அந்த அறையில் அந்த நிமிஷம் நடக்கிறது அப்படியே நமக்குத் தெரியும். படத்துக்குக் கீழே ஒரு பொத்தான். இங்கே நாம் அதை அமுக்கினால் அங்கே அந்த மணி அடிக்கும். மேலே அவர் எழுதி வைத்திருந்ததை மாப்பிள்ளை வாசித்தார்: 'வீட்டில் இருந்தால் கை காட்டுவேன். காட்டாவிட்டால் கடைக்குப் போயிருப்பேன்.'

முதல் தடவை அமுக்கியபோது அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். மணி அடித்தது. கத்தியைக் கீழே வைத்து, கையைத் துணியில் துடைத்து, நம்மைப் பார்த்துக் கையைத் தூக்கினார். மாப்பிள்ளை நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டார். நானும் கை காட்டினேன்.

"நம்மளை அவருக்குத் தெரியாது அத்தை."

"தெரியாட்டி என்ன? ஒரு மனுசன் கை காட்டினா திருப்பிக் காட்டணும்."

அதற்குப் பிறகு எப்போதாவது போவோம். ஒரு தடவைதான் அமுக்குவார். கை தூக்கினால் சந்தோஷம். ஆள் இல்லாவிட்டால், "கடைக்குப் போயிருக்கார்," என்று மூடிவிடுவார்.

மாப்பிள்ளையோடு வேலை பார்க்கிறவன் நெட்டையன். உயரத்தைப் பார்த்து எல்லோரும் வைத்த பேர். நல்லவன்தான், வாய்தான் அவனைவிட நீளம். ஒரு நாள் சாப்பாட்டு வேளையில், எல்லோரையும் வைத்துக்கொண்டு இவரைப் பிடித்துக்கொண்டான்.

"ஏம்ப்பா, உலகத்துல இருக்கிற குப்பையெல்லாம் உன் தலையிலதான் கொட்டுமா? நீ சேத்து வச்சதுல ஒண்ணையாவது பத்துப் பேரு பார்ப்பானா? நீயும் உங்க அத்தையும்தான் ஒக்காந்து பாக்கணும்!"

எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். மாப்பிள்ளைக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. வாயால் பதில் சொல்லி ஜெயிக்கத் தெரியாதவர் போனை எடுத்தார். லிஃப்ட் வேலைக்காரர்கள் எல்லோரும் இருக்கிற குழுவில் மணிக்காரர் வீட்டைப் போட்டுவிட்டார். 'அமுக்கிப் பாருங்க' என்று வேறு எழுதினாராம். பொத்தானை ஒரு தடவைதான் அமுக்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவர், அதை மட்டும் எழுத மறந்துவிட்டார்.

நெட்டையன் அமுக்கினான். பெரியவர் கை காட்டினார். "அட, நெசமாவே காட்டுறாருப்பா!" ஒருத்தரையொருத்தர் இடித்துக்கொண்டு அமுக்கினார்கள். அவரவர் மச்சானுக்கு அனுப்பினார்கள்; மச்சான் தன் கூட்டத்துக்கு அனுப்பினான். சாயங்காலம் மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே வந்து, "அத்தை, நம்ம மணிக்காரரை இன்னைக்கு எல்லாரும் பாக்குறாங்க," என்று கணினியைத் திறந்தார்.

மணி நிற்கவே இல்லை. ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் மூச்சு விட இடம் கிடையாது. பெரியவர் முதலில் கை காட்டிக்கொண்டுதான் இருந்தார். சிரித்த முகம். அப்புறம் சிரிப்பு போய்க் கை மட்டும் ஆடியது. கை வலித்து மாற்றுக் கையைத் தூக்கினார். கீழே யார் யாரோ எழுதிக்கொண்டே போனார்கள். அதை எனக்கு வாசிக்கச் சொன்னேன், மாப்பிள்ளை வாசிக்கவில்லை. போனில், "நிறுத்துங்கடா! டேய், போதும்டா!" என்று கத்தினார். குழுவில் இருக்கிறவர்கள் நிறுத்தினாலும் அனுப்பினது எங்கெங்கோ போய்விட்டதே.

பெரியவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். அதன்மேல் ஏறினார். ஏறுகிறபோது கால் நடுங்கியது எனக்குத் தெரிந்தது. மணியைக் கைக்குள் பொத்திப் பிடித்துக்கொண்டார். சத்தம் நின்றது. ஆனால் மூடின கைக்குள் அது துடித்துக்கொண்டே இருந்தது. மணிக்கட்டு வரைக்கும் ஆடியது. திடீரென்று எல்லாம் கறுப்பாகிவிட்டது.

அதற்குப் பிறகு எத்தனை தடவை திறந்தாலும் கறுப்புத்தான்.

மாப்பிள்ளைக்குச் சோறு இறங்கவில்லை. "நாற்காலியில இருந்து எறங்குனாரா இல்லையான்னே தெரியலையே அத்தை," என்பார். அதுதான் அவரை அரித்தது. வேறு எந்த வீட்டுக்கும் போகவில்லை. என் மகளுக்குப் பொறுக்கவில்லை. "முகம் தெரியாத ஆளுக்கு இப்படியா? அவரே கம்பியைப் பிடுங்கிவிட்டிருப்பார். நீங்க வேணும்னேவா செஞ்சீங்க?" என்றாள். நெட்டையன் வீட்டுக்கே வந்தான். வாசலில் குனிந்து நுழைந்து, தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"நான் ரெண்டு தடவதான்பா அமுக்குனேன்."

"ரெண்டா?" என்றேன் நான்.

"கொஞ்சம் கூட இருக்கும் பாட்டி."

ஆளாளுக்கு உன்மேல் தப்பில்லை, உன்மேல் தப்பில்லை என்றார்கள். ஆறுதல் சொல்கிறார்களாம். எனக்கு அது பிடிக்கவில்லை. மாப்பிள்ளை என்கிற மரியாதை வேறு, உள்ளதைச் சொல்வது வேறு.

"நீங்க செஞ்சது தப்பு மாப்பிள்ளை. அடுத்தவங்க வீட்டு வாசல்ல ஊரைக் கூட்டிட்டுப் போய் நிறுத்திட்டீங்க."

என் மகள் என்னை எரித்துவிடுகிற மாதிரி பார்த்தாள். அவர் ஒரு பெருமூச்சு விட்டார். முதுகில் இருந்து மூட்டையை இறக்கின மாதிரி இருந்தது அந்த மூச்சு. "ஆமா அத்தை," என்றார். அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து பெரியவருக்கு எழுதினார். சாக்கு எதுவும் சொல்லவில்லை. 'அந்தக் கூட்டத்தைக் கூட்டி வந்தவன் நான்தான். ஒருத்தன் கிண்டல் செய்தான் என்பதற்காக உங்களைக் காட்டிக் கொடுத்தேன். நீங்கள் பதில் எழுத வேண்டாம். நாற்காலியிலிருந்து பத்திரமாக இறங்கினீர்களா என்று மட்டும் தெரிந்தால் போதும்.' எனக்கு வாசித்துக் காட்டினார். இப்படிக்கு என்ற இடத்தில் முதல் தடவையாகத் தன் சொந்தப் பேரை எழுதினார்.

பதில் வரவில்லை. வேலைக்குக் கிளம்புகிறபோது ஒரு தடவை, வந்தபிறகு ஒரு தடவை திறந்து பார்ப்பார். கறுப்பாக இருக்கும். மூடுவார்.

போன விடுமுறை நாள் காலையில் நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். "அத்தை," என்றார். கையசைத்துக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். அதே சமையலறை. அதே மேஜை. மணி இருந்த இடத்தில் வெறும் கொக்கி. கீழே பொத்தான் இல்லை. நாற்காலியில் பெரியவர், மோவாய் நெஞ்சில் படத் தூங்கிக்கொண்டிருந்தார். மடியில் பாதி உரித்த வெங்காயம். மூச்சுக்கு மூச்சு சட்டைப் பொத்தான் மேலே ஏறி இறங்கியது.

"மேலே என்ன எழுதியிருக்கு?"

"மணி எடுத்தாச்சு. நான் வீட்டில்தான் இருக்கிறேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் அத்தை."

இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். அப்போது போன் அடித்தது. நெட்டையன். அவன் பேசினால் அடுத்த அறைக்கே கேட்கும். "என்னப்பா, பெரியவர் வந்தாரா? நம்ம பசங்க தெனம் கேக்குறாங்க."

மாப்பிள்ளை திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இன்னும் இல்லப்பா," என்றார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். சொல்லும்போதே காது சிவந்துவிட்டது. நான் வாயைத் திறக்கவில்லை.

போனைக் கவிழ்த்து வைத்தார். மடிக்கணினியின் மூடியை இரண்டு கையாலும் பிடித்து மெல்ல இறக்கினார். மூடுகிற இடம் வந்ததும் நடுவில் ஒரு விரலைக் கொடுத்து, சத்தம் வராமல் அந்த விரலை உருவிக்கொண்டார்.