படுத்த காரை எழுப்பியது நான்தான்

உலகத்தாருக்கு ஓர் அறிவிப்பு: பவானிபூரில் மூன்று நாளாகத் தரையோடு படுத்துக் கிடந்த, எங்கள் வீட்டுச் சொந்தக்காரப் பெரியவர் ஜேட்டுவின் கிழட்டு வெளிநாட்டுக் கார் இன்று எழுந்து நின்றது. எழுப்பியவன் அடியேன்.

அதற்கு முன் ரத்தம் சிந்தியது. என்னுடையது அல்ல.

அந்தக் காருக்கு ஸ்பிரிங் கிடையாது. சக்கரத்துக்கு ஒரு காற்றுப் பை. டிரைவர் பிஷுதா சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்த்தார். ஒவ்வொரு பையிலும் லேசாகக் குமிழி வந்தது.

"இந்தக் கசிவை பம்பே நிரப்பிடும் ஜேட்டு. ஆனா பம்ப் ஓடவே இல்ல."

"குழியில விட்டு உடைச்சது நீதான், ஷாலா!" ஜேட்டு அறைந்ததில் பிஷுதாவின் உதடு கிழிந்தது.

பிஷுதா வீல் ஸ்பேனரை வீசினார். பின்விளக்கு நொறுங்கியது. அடுத்த வீச்சு ஜேட்டுவின் மண்டைக்குத்தான். நாலு பேர் பாய்ந்து மடக்கினார்கள்.

"உனக்கு இனி வேலை கிடையாது!"

நான் நிதானமாக டிக்கியைத் திறந்து, கார்ப்பெட்டுக்குப் பின்னால் இருந்த சுவிட்சைத் தட்டினேன். பம்ப் உறுமியது. கார் ஒட்டகம் மாதிரி பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்தது.

ஜேட்டு எனக்கு சந்தேஷ் இனிப்பு வாங்கித் தந்தார், பிஷுதாவின் வேலையையும் திருப்பித் தந்தார். "நீதான் காப்பாத்துன தம்பி" என்று பிஷுதா வீங்கிய உதட்டோடு கட்டிக்கொண்டார்.

சுவிட்ச் இருக்கும் இடம் எனக்கு எப்படித் தெரியும் என்று ஒருவரும் கேட்கவில்லை. சனிக்கிழமை அதை அணைத்ததே நான்தான். குண்டுக் கார் உட்காருவதைப் பார்க்க ஆசை, அவ்வளவுதான்.

பிஷுதாவிடம் உண்மையைச் சொல்லியாக வேண்டும். ஸ்பேனர் அவர் கைக்கு எட்டாத இடம் எதுவென்று யாராவது சொல்லுங்களேன்.