மூன்று தட்டு

இலங்கை மலையகத்தில், வத்தேகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் கம்பி வேலை செய்தேன். மலை உச்சியிலிருந்து கீழே தேயிலை அரைக்கும் ஸ்டோர் வரைக்கும் பள்ளத்துக்கு மேலே ஓர் இரும்புக் கம்பி இழுத்துக் கட்டியிருந்தது. கொழுந்து மூட்டையைக் கப்பிக் கொக்கியில் மாட்டி விட்டால் கம்பியோடு சறுக்கிப் போய்ச் சேரும்.

கூப்பிட்டால் கேட்காத தூரம். கீழே நிற்பவர் மூட்டையைக் கழற்றியதும் கட்டையால் கம்பியில் மூன்று தடவை தட்டுவார். கம்பியில் கை வைத்திருந்தால் மேலே எனக்குத் தெரியும். பிறகுதான் அடுத்த மூட்டை. மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சம். இந்த வேலை எனக்கு ஒத்துப்போனது.

கீழே நின்றவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், வேறு லயத்து வரிசை வீடுகளில் இருந்தவர். நேரில் பேசியதே இல்லை. ஆனால் அவர் தட்டுவது எனக்குப் பழக்கம்: இரண்டு வேகமாக, கொஞ்சம் இடைவெளி விட்டு ஒன்று. நடுவழியில் மூட்டை சிக்கினால் அவர்தான் பாறைமேல் ஏறிக் கம்பால் தள்ளிவிடுவார். அந்த நேரம் மேலிருந்து இன்னொன்று வந்தால் ஆளை அடித்துப் பள்ளத்தில் போட்டுவிடும்.

ஒருநாள் பகலிலேயே பனி மூடிவிட்டது. நாலடிக்கு அப்பால் கம்பி தெரியவில்லை. ஒரு மூட்டையை அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன். தட்டு வரவில்லை. பின்னால் மூட்டைகள் சேர்ந்தன. கொழுந்து சூடேறினால் கெட்டுவிடும். வேலை வாங்கும் கங்காணி வந்தார்.

"என்னாடா, கீழேருந்து வெத்தல பாக்கு வச்சு அழைக்கணுமா ஒன்ன?"

அப்போது தட்டு வந்தது. மூன்றும் ஒரே அளவாக, பலமாக. கங்காணியும் கம்பியில் கை வைத்திருந்தார்.

"மூணு வந்துருச்சில்ல? அனுப்பு!"

நான் தலையாட்டி மறுத்தேன். அது அவர் கை இல்லை. அதை எப்படிச் சொல்வது? தட்டில் ஆள் தெரியும் என்றால் சிரிப்பார்கள்.

"வாயிலதான் ஒண்ணும் வராது, காதும் போச்சா?" என்று அவரே மூட்டையைத் தூக்கிக் கப்பியில் மாட்டினார். நான் கொக்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். தோட்டங்களில் ஆள் குறைத்துக்கொண்டிருந்த காலம் அது. கங்காணியின் பிரம்பு என் முதுகில் இரண்டு முறை விழுந்தது. கொழுந்தெடுத்த பெண்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முழங்கையைக் கம்பியில் வைத்துக்கொண்டே பிடியை விடாமல் நின்றேன்.

வெகுநேரம் கழித்து வந்தது. இரண்டு. இடைவெளி. ஒன்று.

கொக்கியை விட்டேன்.

அன்று சாயந்திரம் அவர் எங்கள் லயத்துக்கு ஏறி வந்தார். சிக்கிய மூட்டையைத் தள்ள அவர் பாறைமேல் நின்றபோது, கீழே ஆளைக் காணாத ஸ்டோர்க் கணக்கப்பிள்ளை அவசரத்தில் தானே தட்டிவிட்டாராம்.

"நான் இல்லேன்னு எப்புடிடா தெரிஞ்சுச்சு?"

"உங்க தட்டு நொண்டும்ணே," என்றேன்.

"நொண்டுதா?" என்று சிரித்தார். என் முதுகைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. வெற்றிலைப் பொட்டலத்தை என் கையில் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

மறுநாளும் பனி. முதல் மூட்டை போனபின் தட்டு வந்தது: ஒன்று, இரண்டு, மூன்று, ஒரே அளவாக. என் கை கொக்கியை இறுக்கிக்கொண்டது. விடவில்லை. கீழே அவர் தன் தட்டைத் திருத்தப் பார்த்திருக்கிறார். அது அவர்தான் என்று மேலே எனக்கு எப்படித் தெரியும்? கொஞ்ச நேரம் கம்பி சும்மா கிடந்தது. பிறகு பழைய நொண்டல் வந்தது.

மூட்டையை விட்டேன்.