அண்ணன் வயலில் எடுத்த மண்

எங்கள் தீவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த மூன்றாவது வாரம், லவுத்தோக்காவுக்குத் தெற்கே கடலோரத்தில் அண்ணனுடைய கரும்பு வயலில் மண் எடுத்துக்கொண்டிருந்தேன். தலைநகர் சுவாவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. இன்று நிற்கும் மரஞ்செடிகளின் மகரந்தம் மேல்மண்ணில் எவ்வளவு சேர்கிறது என்று எண்ணிப் பார்ப்போம். அது தெரிந்தால்தான் ஆழத்து மண்ணை வைத்துப் பழைய காடுகளைப் பற்றிச் சொல்ல முடியும். அலையாத்திச் சேறு, சவுக்குத் தோப்பு, கரும்பு, அண்ணன் வீட்டுக் கொல்லை என்று கரண்டியால் சுரண்டிப் பைகளில் கட்டினேன்.

திரும்பும் வழியில் சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் பஸ்ஸிலிருந்து என்னை இறக்கினான்.

"என்ன இது?"

"மண்."

"மண் இங்கேயே இருக்கட்டும்" என்று எல்லாப் பைகளையும் சாலையில் கொட்டினான்.

அதனால்தான் மறுநாள் காலை மீண்டும் போனேன். அண்ணன் வீட்டுக் கதவு பிளந்து கிடந்தது. இரவு ஆட்கள் வந்து உழவு மாடுகளை ஓட்டிப் போயிருந்தார்கள். தடுத்த அண்ணனின் மண்டை உடைந்திருந்தது. அண்ணி ரத்தத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"போலீசுக்குச் சொன்னீங்களா?"

"சொன்னேன். வண்டி இல்லியாம். நீ ஒன் வேலயப் பாரு, தங்கச்சி" என்றார் அண்ணன்.

தலையில் துணிக்கட்டோடு அவரே வந்து பையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒங்க பெரிசாக் காட்டுற கண்ணாடில பாத்தா நம்ம கன்னா தெரியுமா?" கரும்பை அவர் கன்னா என்றுதான் சொல்வார்.

"தெரியாதுண்ணே. கரும்பும் புல்லு வகைதான். மகரந்தத்தப் பாத்துப் பிரிக்க முடியாது."

"அம்மா வச்ச முருங்க?"

"அது பூச்சி எடுத்துப் போற பூ. மண்ணுல விழறதே கம்மி."

"அப்ப நாம இங்க இருந்ததுக்கு அடையாளம் ஒண்ணுமே இல்ல."

பையின் வாயைக் கட்டினேன்.

பூர்வகுடிகளிடம் எடுத்திருந்த வயலின் குத்தகை அந்த வருடமே முடிந்தது. புதுப்பித்துத் தரவில்லை. அண்ணனும் அண்ணியும் ஆக்லாந்துக்குப் போனார்கள். அடுத்த வருடம் அதே இடங்களில் மண் எடுத்தேன். வயலில் வெட்ட ஆளில்லாத கரும்பு பூத்து நின்றது. நுண்ணோக்கியில் புல் மகரந்தம் முன்னைவிடப் பல மடங்கு. படிவத்தில் 'ஆளில்லாத கரும்பு வயல்' என்று எழுதினேன். மேலதிகாரி அதை அடித்துவிட்டுப் 'புல்வெளி' என்று திருத்தினார்.

அண்ணனிடம் இதைச் சொல்லவில்லை. மீன் ஆலையில் வேலை, கை விறைத்துப்போகிறது என்று அவர் போனில் சொன்னார். பிறகு, "நீ எப்ப வர?" என்றார்.

"விசாவுக்கு எழுதிப் போட்டுட்டேண்ணே" என்றேன்.